கைகாட்டி மரத்தடியில் நின்றவர்

ஒரு மனிதர் தமிழில் சொன்னதை நான் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். தெரிந்தே மாற்றினேன். அதனால் அவருடைய வேலை போயிற்று. வேலையோடு சேர்ந்திருந்த வீடும் போயிற்று. என்னுடைய நல்ல பெயர் மட்டும் மேலும் ஒன்றரை வருஷம் அசையாமல் நின்றது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் ரயில்வே குடியிருப்பான பிரிக்பீல்ட்ஸில் அந்தக் காலத்தில் இருந்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைப் படித்ததும் தெரிந்துவிடும். தெரியாதவர்களுக்கு அவர் விளக்குக்காரர் என்பது போதும். ரயில் பாதை ஓரத்தில் நிற்கும் கைகாட்டி மரங்களில் தினமும் பொழுது சாயும் முன் விளக்கு ஏற்றி வைப்பது அவர் வேலை. அப்போது மின்சாரம் வரவில்லை. ஒவ்வொரு மரத்திலும் இரும்பு ஏணி இருக்கும். அதில் ஏறி, மண்ணெண்ணெய் விளக்கைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, திரி சரியாக எரிகிறதா என்று பார்த்து இறங்க வேண்டும். அவர் பொறுப்பில் பதினொரு மரங்கள். முதல் மரம் ரயில் பட்டறைப் பக்கம். கடைசி மரம், பாதை சாலாக் செலாத்தான் நோக்கித் திரும்பும் வளைவில்.

நான் அதே ரயில் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. சீனியர் கேம்பிரிட்ஜ் படித்தவன். எண்ணெய் அறையின் சாவி என்னிடம் இருந்தது. கூலிக்காரர்களை துரை விசாரிக்கும்போது மொழிபெயர்ப்பதும் என் வேலைதான். அதோடு எங்கள் தமிழ்ச் சபையில் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவனும் நானே.

நான் ஜெபித்தால் ஜனங்கள் அழுவார்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். கிள்ளானிலிருந்துகூட ஆட்கள் வந்து கேட்டிருக்கிறார்கள்.

விளக்குக்காரருக்கு அந்த வித்தை கிடையாது. புதன்கிழமைகளில் வேலை முடிந்து, கூட்டம் பாதி நடக்கும்போது வந்து கதவோரம் பாயின் நுனியில் உட்காருவார். அவர் வந்தது மண்ணெண்ணெய் வாசனையிலேயே தெரிந்துவிடும். ஒருமுறை போதகர் அவரையே ஜெபிக்கச் சொன்னார். அவர் எழுந்து நின்றார். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஐந்தாறு பெயர்களைச் சொன்னார். பெயர்களுக்கு நடுவே ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு ஆமென் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. கூட்டம் முடிந்ததும் ஒருவர் அவரிடம், "என்னப்பா, ஆண்டவருக்கு ஆஜர் பட்டியல் வாசிக்கிறியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அவர் எப்படி ஜெபிக்கிறார் என்பது எனக்கு ஆபீஸ் வேலையால் தெரிய வந்தது. விளக்குகளை எண்ணிச் சரிபார்க்க வருஷத்துக்கு ஒருமுறை பாதை நெடுகப் போக வேண்டும். அந்த வருஷம் அவரோடு நான் போனேன். ஏறினார், விளக்கை வைத்தார். ஆனால் உடனே இறங்கவில்லை. ஏணியின் உச்சியில் ஒரு கையால் பிடித்தபடி, மற்றக் கையால் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு ஒரு திசையைப் பார்த்தார். பத்து மூச்சு விடும் நேரம் இருக்கும். இறங்கி வந்து, அடியிலும் கொஞ்சம் நின்றார். அடுத்த மரத்திலும் அப்படியே.

மூன்றாவது மரத்தில், "மேலே என்னப்பா பார்க்கிறே?" என்று கேட்டேன். அந்த நாளில் அவரை நான் நீ என்றுதான் அழைப்பேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"ஏறினா ஒரு வீடு தெரியுதுங்க ஐயா. தெரியுற வீட்டுக்கு ஜெபம் பண்ணிட்டு வருவேன்."

அவ்வளவுதான் அவருடைய முறை. முதல் மரத்திலிருந்து ஒரு சீனத் தச்சரின் வீடு தெரிந்தது. அந்தத் தச்சரின் பெயர்கூட இவருக்குத் தெரியாது. மூன்றாவதிலிருந்து தண்டவாள வேலைக்காரர் ஒருவருடைய வீடு. அவருடைய மகன்களில் ஒருவன் ஓடிப்போயிருந்தான். ஐந்தாவதிலிருந்து துரையின் பங்களா. ஏழாவதிலிருந்து சலவைத் தொழில் செய்த ஒரு விதவையின் வீடு. கிறிஸ்தவர், இந்து, சீனர் என்று அவர் பிரிக்கவில்லை. ஏணி காட்டியதை எடுத்துக்கொண்டார். மேலிருந்து பார்ப்பவருக்கு வீட்டின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அதிகம் தெரியும். யார் வீட்டில் அடுப்பு புகையவில்லை, எந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து அழுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருபோதும் வெளியே சொன்னதில்லை.

அன்று நான் ஒரு படித்தவனின் கேள்வியைக் கேட்டேன். இத்தனை வருஷம் ஜெபிக்கிறாயே, ஆண்டவர் கேட்டதாக ஏதாவது அடையாளம் உண்டா என்று. அவர் அடுத்த விளக்கின் திரியைக் கத்தரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நான் ஏத்திட்டு வீட்டுக்குப் போயிடுவேங்க ஐயா. ரயிலு வந்து இத பாத்துச்சான்னு நின்னு பாக்குறதில்ல. ஏத்துறதுதான என் வேல."

இன்னும் வெயில் அடிக்கும்போதே ஏன் ஏற்றுகிறாய், எண்ணெய் வீண்தானே என்றும் கேட்டேன். இருட்டின பிறகு ஏற்றினால் அது தாமதம் என்றார்.

அவரிடம் இருந்த இந்த ஒழுங்கு எனக்குச் சில சமயம் அச்சமாகவே இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அவருடைய கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் செத்துப்போயிற்று. மத்தியானம் மூன்று மணிக்கு அடக்கம். நான்தான் கல்லறையில் ஜெபித்தேன். வழக்கம்போல் எல்லோரும் அழுதார்கள். ஐந்து மணிக்கு ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அவர் விளக்குகளைத் தூக்கிக்கொண்டு பாதையில் போகிறார். அன்றைக்கு வேறு ஆளை அனுப்புவதாக அவருக்கு மேலாளாக இருந்த மண்டோர் சொல்லியிருந்தும் போனார். கல்நெஞ்சன் என்று பலரும் பேசினார்கள். அவருடைய மனைவியே சபைப் பெண்களிடம், "புள்ளைய பொதச்ச மண்ணு கையில காயல. மரத்த கட்டிக்கப் போயிட்டாரு" என்று சொன்னாளாம்.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நறுக்கென்று பேசுகிறவள். புருஷனைப் பரிகாசம் செய்வதில் அவளுக்கு நிகர் கிடையாது. ஒருமுறை அவருக்குக் கடும் காய்ச்சல். ஏணி ஏற முடியவில்லை. அவர் கீழே நடுங்கிக்கொண்டு நிற்க, இவள் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பதினொரு மரத்திலும் ஏறி விளக்கு வைத்தாள். பட்டறை ஆட்கள் கூடிநின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்னங்கடா பாக்குறீங்க? எங்க வீட்டு சாமி மேலதான இருக்கு. ஏறித்தான கும்பிடணும்" என்று உச்சியிலிருந்து கத்தினாளாம். ஆனால் கேலி செய்தவளும் மேலே ஏறியதும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் இறங்கினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

குழந்தை போன அன்று அவர் என்ன ஜெபித்தார் என்று பின்னொரு நாள் கேட்டேன். "ஒண்ணும் வரலீங்க ஐயா" என்றார். "பேரு மட்டும் சொன்னேன். பதினொண்ணும் சொன்னேன்."

இப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு புதன்கிழமை. சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய போதகர் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்திருந்தார். அவருக்காகக் கூட்டத்தை ஐந்தரை மணிக்கே வைத்திருந்தோம். கடைசி விளக்கு ஏறும்வரை எண்ணெய் அறைக் கிராணி இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது ஆபீஸ் விதி. நான் ஐந்து மணிக்கே அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். விளக்குக்காரர் எப்போதும் நாலு மணிக்கே எண்ணெய் வாங்கிவிடுவார். ஒரு நாள்கூடத் திரும்பி வந்ததில்லை. அன்றைக்குப் பார்த்து ஒரு விளக்கின் அடியில் ஓட்டை விழுந்து எண்ணெய் முழுவதும் ஒழுகிவிட்டது. பத்து மரத்தில் ஏற்றிவிட்டார். ஒன்பதாவது மட்டும் பாக்கி. மாற்று விளக்கு கையில் இருந்தது. எண்ணெய் இல்லை.

அவர் ஆபீஸுக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, கூட்டம் நடந்த வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறார். நான் அப்போதுதான் ஜெபத்தைத் தொடங்கியிருந்தேன். ஜெபிக்கிறவனை நடுவில் கூப்பிடுவது எங்கள் ஜனங்களிடம் கிடையாது. வீடு பற்றி எரிந்தால்கூட ஆமென் வரட்டும் என்று நிற்பார்கள். அவரும் நின்றார். வாசற்படியில், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைகுனிந்து.

நான் கண்ணைத் திறந்தேன். ஜெபத்தின் நடுவே, சிங்கப்பூர்ப் போதகர் எப்படிக் கேட்கிறார் என்று பார்ப்பதற்காகத் திறந்தேன். வாசலில் இவர் நிற்பது தெரிந்தது. கையில் காலி டின். ஏன் வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று இத்தனை வருஷத்தில் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொள்ள முயன்றிருக்கிறேன், முடியவில்லை. ஒரு ஆமென் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தைத் தொடர்ந்தேன். அன்றைக்குத்தான் என் வாழ்நாளிலேயே நீளமாக ஜெபித்தேன். விதவைகளுக்காக, அநாதைகளுக்காக, இருளில் நடக்கிறவர்களுக்காக. ஆம், இருளில் நடக்கிறவர்களுக்காகவும்தான்.

ஆமென் சொல்லி வெளியே வந்து சாவியைக் கொடுத்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அவர் எண்ணெய் ஊற்றிக்கொண்டு ஓடினார். அவர் ஒன்பதாவது மரத்தை எட்டுவதற்கு முன்னால் ஒரு சரக்கு ரயில் அந்த மரம் இருப்பதே தெரியாமல் தாண்டிப் போய், வேலை முடித்துத் தண்டவாளத்தின் மேல் திரும்பிக்கொண்டிருந்த பாதை ஆட்களின் தள்ளுவண்டி ஒன்றை இடித்து நொறுக்கியது. வண்டியிலிருந்தவர்கள் குதித்துவிட்டார்கள். ஒருவருக்கு மட்டும் கால் எலும்பு முறிந்தது. அவர் அதன் பிறகு சரியாக நடக்கவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. துரை மேஜைக்குப் பின்னால். விளக்குக்காரர் எதிரே. நடுவில் நான்.

விளக்கு ஏன் ஏற்றப்படவில்லை என்று துரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவர் சொன்ன பதில் இது:

"எண்ண வாங்க வந்தேன் தொர. ரூம் பூட்டியிருந்திச்சு. கிராணி ஐயா ஜெபத்துல இருந்தாங்க. முடியட்டும்னு வாசல்ல நின்னேன். நான் கூப்பிட்டிருக்கணும். அது என் தப்பு."

நான் துரையிடம் இங்கிலீஷில் சொன்னது: தான் ஜெபத்தில் இருந்ததாகச் சொல்கிறான், முடித்துவிட்டு விளக்கேற்றலாம் என்று நின்றுவிட்டானாம், தன் தப்பு என்று ஒத்துக்கொள்கிறான்.

துரை நம்பினார். மரத்துக்கு மரம் நின்று ஜெபிக்கிற ஆள் என்று அவரைப் பற்றி ஆபீஸ் முழுக்கத் தெரியும். துரை அவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "பிரேயர்?"

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சபையில் அடிபடும் அந்த ஒரு சொல் தெரியும். நான் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன், என் குற்றத்தை நானே துரையிடம் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. என்னை ஒருமுறை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, துரையிடம் தலையாட்டினார்.

ஒரு வாரத்துக்குள் அவர் குடும்பத்தோடு கிள்ளானுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில் கொப்பரை காயவைக்கிற வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

புது ஆள் வந்தான். விளக்குகள் நேரத்துக்கு ஏறின. ஏறிய வேகத்தில் அவன் இறங்கினான். நான் புதன்கிழமைகளில் முன்போலவே ஜெபித்தேன். ஜனங்கள் முன்போலவே அழுதார்கள். வீட்டில் தனியாக முழங்காலில் நின்றால் ஒரு சொல் வராது. இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு எழுந்துவிடுவேன். பிறகு அந்த இரண்டு நிமிஷமும் நின்றது. ஆண்டவரிடம் தனியாகப் பேசாத ஒருவன் ஒன்றரை வருஷம் சபையில் எல்லோர் சார்பிலும் அவரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு புதன்கிழமைக் கூட்டம் நடந்த வீட்டில் நோயாளிப் பிள்ளை ஒன்றின் கட்டிலருகே என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்து கண்ணை மூடினேன். வாசலில் ஒருவர் தலைகுனிந்து நிற்பது தெரிந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன், யாரும் இல்லை. மறுபடியும் மூடினேன், நின்றார். என் வாய் அடைத்துக்கொண்டது. வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் முடிந்து ஒரு மூப்பர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பி, இத்தனை வருஷத்தில் இப்படிப்பட்ட ஜெபத்தை நான் கேட்டதில்லை, பரிசுத்த ஆவியானவரே உன் நாவைக் கட்டிவிட்டார் என்றார். அந்தப் பாராட்டைச் சுமந்துகொண்டு என்னால் வீடுவரை நடக்க முடியவில்லை. பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் துரைக்கு எழுதினேன். பழைய துரை சீமைக்குப் போய்விட்டார், புதியவர் வந்திருந்தார். முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளறுகிறாய் என்று முதலில் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் மறுபடியும் கொடுத்தேன். பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார். என்னைக் கீழ்ப்பதவிக்கு இறக்கினார்கள். மொழிபெயர்ப்பு வேலையும் போயிற்று. விளக்குக்காரரின் பேரில் இருந்த குறிப்பை அடித்துவிட்டார்கள். ஆனால் ஏணி ஏறும் வயது கடந்துவிட்டது என்று அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையின் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போதகர் என்னை ஜெபக்கூட்டத்திலிருந்து விலக்கினார். பின்வரிசையில் உட்காரத் தொடங்கினேன்.

அதற்கும் பிறகுதான் கிள்ளானுக்குப் போனேன். முதலில் போயிருக்க வேண்டிய இடத்துக்குக் கடைசியில் போனேன்.

தோட்டத்தில் கொப்பரைச் சூளைக்குப் பக்கத்தில் அவர் சிரட்டைகளைக் குவித்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் வாசனை போய், தேங்காய்ப் புகை வாசனை அவர் மேல் ஏறியிருந்தது. தலை முழுவதும் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, "வாங்க ஐயா" என்றார். அவர் மனைவி கூலிக்காரர்களின் லயத்து வாசலிலிருந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைத் திறந்ததையும், டின்னைப் பார்த்ததையும், வேண்டுமென்றே ஜெபத்தை நீட்டியதையும், துரையிடம் மாற்றிச் சொன்னதையும். அன்றுதான் முதல்முறையாக அவரை நீங்கள் என்று அழைத்தேன். நான் மாற்றிச் சொன்னது எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"என் வேல போச்சுன்னு உத்தரவு வாசிச்சாங்கள்ல. அப்பத் தெரிஞ்சிச்சு."

"துரையிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே."

அவர் கையிலிருந்த சிரட்டையைக் குவியலில் போட்டார். "அதச் சொல்றதுக்கும் நீங்கதான ஐயா வேணும்" என்றார். குரலில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

மனைவி வாசலிலிருந்து பேசினாள். "கிராணியாரு வாயத் தொறந்தா தேனா ஒழுகும்னு ஊரே சொல்லுச்சு. எம்புருசனுக்கு ஒரு சொட்டு ஒழுகலியே." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்தால் தீரும் என்று அவரைக் கேட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து, பதினொரு சிரட்டைகளை எடுத்து வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். பிரிக்பீல்ட்ஸ் பாதையின் வளைவைப் போலவே கடைசி இரண்டும் வளைந்து நின்றன.

"இங்க மரம் இல்லீங்க ஐயா. உக்காந்துகிட்டே பேரு சொல்லிப் பாக்குறேன். காலு நடக்காம நெனவு வரமாட்டேங்குது. சில நாளு ரெண்டு பேரு விட்டுப்போயிடுது. நீங்க அங்கனதான இருக்கீங்க. நடந்துருங்க."

ஒவ்வொரு சிரட்டையாகத் தொட்டு வீட்டைச் சொன்னார். ஒன்பதாவதில் பழைய வீட்டோடு, கால் முறிந்தவரின் பெயரையும் சேர்த்திருந்தார். ஆறாவதைத் தொட்டபோது எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் என் அடுத்த வீட்டைச் சொன்னார். நான், ஆறாவது மரத்திலிருந்து என் வீடு தெரியாதா என்று கேட்டுவிட்டேன்.

"உங்க வீடுதாங்க மொதல்ல தெரியும். சாயந்தரத்துல பொழக்கடையில அப்படியும் இப்படியும் நடந்துகிட்டே ஜெபம் பண்ணுவீங்களே, தெனமும் பாப்பேன். இவங்களுக்கு நம்ம ஜெபம் எதுக்குன்னு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன்."

அது ஜெபம் இல்லை, புதன்கிழமைக்கு ஒத்திகை பார்த்தேன் என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்க முடியாது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வெகுநேரம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. சிரித்து முடித்து இன்னொரு சிரட்டையை எடுத்து ஆறாவதின் பக்கத்தில் வைத்தார்.

"என் தப்புதாங்க ஐயா. ஏணி காட்டுனத விட்டுட்டேன்ல. இனி ஆறாவதுல ரெண்டு பேரு."

மறுநாள் சாயந்தரமே நடக்கத் தொடங்கினேன். ஏணியில் ஏற எனக்கு அனுமதி இல்லை. மரத்தடியில் நின்றேன். முதல் நாள் என் பழைய வாக்கியங்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன, என் குரல் எனக்கே கேட்டது, வெட்கமாகிவிட்டது. பெயரை மட்டும் சொன்னேன். சீனத் தச்சருக்குப் பெயர் இல்லாததால் தச்சர் என்றே சொன்னேன். முதல் இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே ஒரு அசைவும் இல்லை. மழை வந்த நாட்களில் போகாமல் இருந்திருக்கிறேன். தலைவலி என்று திரும்பியிருக்கிறேன். ஒரு வாரம் முழுக்க விட்டுவிட்டு, கிள்ளானிலிருந்து வரும் ரயிலைப் பார்த்ததும் குறுகிப்போய் மறுபடி தொடங்கியிருக்கிறேன்.

நாலாம் மாதத்தில், ஏழாவது மரத்தடியில் நான் நின்றபோது அந்தச் சலவைக்கார விதவை வேலிக்குப் பக்கத்தில் வந்தாள். எதற்காக இங்கே வந்து நிற்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் மரத்தின் உச்சியைப் பார்த்தாள்.

"முன்னால வெளக்குக்காரரு மேல நிப்பாரு. எதுக்குன்னு தெரியாது. ஆனா அவரு நிக்கிற நேரத்துலதான் நான் அடுப்பு மூட்டுவேன். யாரோ ஒருத்தரு இருக்காருன்னு இருக்கும். அப்புறம் ரெண்டு வருஷமா யாரும் நிக்கல."

நான் கெடுத்தது ஒரு மனிதரின் பிழைப்பை மட்டுமே என்று அதுவரை எண்ணியிருந்தேன். அன்று முதல் மழை வந்தாலும் போனேன். எப்போது அது ஜெபமாயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் மூன்றாவது மரத்தடியில், ஓடிப்போன பையனின் பெயரைச் சொன்னபோது, அவன் இப்போது எங்கே சாப்பிட்டிருப்பான் என்ற நினைவு தானாக வந்தது. அதற்கு மேல் எதுவும் நடந்துவிடவில்லை. அவன் திரும்பி வரவும் இல்லை.

நாலு வருஷம் கழித்து விளக்குக்காரர் கிள்ளானில் காலமானார். செய்தி தாமதமாக வந்தது; அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அதற்கு அடுத்த வருஷம் அவர் மனைவி பிரிக்பீல்ட்ஸில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு சாயந்தரம் நான் முதல் மரத்திலிருந்து புறப்பட்டபோது, பின்னால் ஆள் வருவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள்தான். பத்தடி தள்ளிப் பதினோராவது மரம்வரை கூடவே வந்தாள். நான் பெயரைக் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அதற்காகத்தான் வருகிறாள் என்று புரிந்தது.

மூன்றாவதில் என்னைத் திருத்தினாள். ஓடிப்போனவன் மூத்தவன் இல்லை, இளையவன். ஐந்து வருஷமாகத் தவறான பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆறாவதில் அடுத்த வீட்டின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவள் நகரவில்லை.

"இதுல அவரு ரெண்டு பேரு சொல்லுவாரு" என்றாள். "சாகுற அன்னிக்கும் சொன்னாரு. எனக்குப் பொறவு நீ சொல்லுன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன்."

"சரிங்கம்மா" என்றேன். அதைத் தவிர வேறு எதையும் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

"இன்னிக்கும் மாட்டேன்."

"சரி."

பதினோராவது மரத்தடியில் அவள் என்னிடம் நாளைக்கும் வருவீர்களா என்று கேட்டாள். வருவேன் என்றேன். திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் பின்னால் வரவில்லை. தெருவில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பாள். அவள் இறந்து இரண்டு வருஷமாகிறது. கடைசிவரை என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் போய் நிற்கவில்லை.

இப்போது மரங்களில் மின்விளக்கு வந்துவிட்டது. ஏணி ஏறுகிறவர் யாரும் இல்லை. எனக்கும் கால் தளர்ந்துவிட்டது. மூன்றாவது மரத்தோடு திரும்பிவிடுகிறேன். மீதியை வீட்டுப் பின்பக்கத்தில், முன்பு ஒத்திகை பார்த்த அதே இடத்தில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கிவிடுவேன். ஆறாவதில் என் பெயர் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. அன்று அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன சாயந்தரத்திலிருந்து, அந்த இடத்தில் அவள் பெயரைச் சொல்லி வந்தேன். அவள் போன பிறகு அவளுடைய பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சொல்கிறேன்.